இடுக்கு பார்க்கிற வேலை

ஆடி மாதம் முசிறியில் ஆற்றங்கரைத் தெருக்களில் காலையில் பெருக்கிய கூடத்தில் மத்தியானத்துக்குள் காலடித் தடம் பதியும். பாலக்காட்டுக் கணவாயில் புகுந்து கொங்கு நாட்டைக் கடந்து வரும் மேல்காற்று, காவிரி வறண்டு கிடக்கிற வருடங்களில் ஆற்று மணலையே வாரி வந்து கதவிடுக்கில் கொட்டிவிடும். சித்திரையில் தொல்லை வேறு மாதிரி. ஏசி ஓடிக்கொண்டே இருக்கும், அறை குளிராது. மெக்கானிக் வந்து கேஸ் நிரப்பிவிட்டுப் போவார், அப்போதும் குளிராது. ஐப்பசியில் ஜன்னல் ஓரமெல்லாம் சாரல் ஈரம். மூன்று தொல்லைக்கும் வீட்டின் இடுக்குகளில் பங்கு இருக்கிறது.

அந்த இடுக்குகளைத் தேடிக் கண்டுபிடித்து ஒழுங்காக அடைத்துத் தருகிற ஆளை முசிறியிலோ துறையூரிலோ தொட்டியத்திலோ தேடினால் கிடைப்பது அபூர்வம். ஆசாரியைக் கூப்பிட்டால் கதவை இழைத்துக் கொடுப்பார். கொத்தனார் சிமெண்ட் அப்புவார். அலுமினியப் பட்டறைக்காரர் பழைய ஜன்னலைக் கழற்றிவிட்டுப் புதிது போடச் சொல்வார். ஏசி மெக்கானிக் மெஷினை மட்டும் பார்ப்பார். நாலு பேர் வேலைக்கும் நடுவில் விழுந்து கிடக்கிற இந்த வேலையை எடுத்துச் செய்ய ஒருவர் வேண்டும். ஐடிஐயில் ஏசி மெக்கானிக் படித்தவர், தச்சுப் பட்டறையில் இரண்டு மூன்று வருடம் நின்றவர், அலுமினிய ஜன்னல் பொருத்தப் போகிறவர் என யாரும் இதைத் தொடங்கலாம். கதவும் ஜன்னலும் பொருத்திப் பிழைக்கிறவன் நான். என் கையால் செய்து பார்த்ததையும், செய்து கெடுத்ததையும் வைத்து இதைச் சொல்கிறேன்.

முழு வீட்டையும் அடைக்காதீர்கள்

இந்தத் தொழில் வளர்ந்தது குளிர் நாடுகளில். 1991-ல் ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகரில் வுல்ஃப்காங் ஃபைஸ்ட் முன்னின்று கட்டிய நான்கு வரிசை வீடுகளிலிருந்து 'பாசிவ் ஹவுஸ்' என்ற முறை பரவியது. வாசல் கதவில் பெரிய விசிறியைப் பொருத்தி, வீட்டுக்கு உள்ளும் வெளியிலும் 50 பாஸ்கல் அழுத்த வித்தியாசம் உண்டாக்கி, ஒரு மணி நேரத்தில் வீட்டுக் காற்று எத்தனை தடவை மாறுகிறது என்று அளப்பார்கள். 50 பாஸ்கல் என்பது 5 மில்லிமீட்டர் உயரத் தண்ணீர் தருகிற அழுத்தம்தான். மணிக்கு 30 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே வீசும் காற்று சுவரில் மோதினால் இவ்வளவு அழுத்தம் வரும். அந்த நிலையில் காற்று மணிக்கு 0.6 தடவைக்கு மேல் மாறக் கூடாது என்பது அவர்கள் கணக்கு. வீடு முழுக்க அடைத்துவிட்டு, மூச்சுக்கு வேண்டிய காற்றை மெஷின் வைத்து அளந்து உள்ளே விடுகிறார்கள்.

அந்தக் கணக்கை அப்படியே முசிறிக்குக் கொண்டு வந்தால் வீட்டுக்காரர் வெந்து போவார். நமக்கான கணக்கு வேறு. மத்திய எரிசக்தித் திறன் அமைப்பு 2018-ல் குடியிருப்புகளுக்கு வெளியிட்ட 'ஈக்கோ நிவாஸ் சம்ஹிதா' விதிகளைப் பாருங்கள். நம்முடையது போன்ற வெப்பமும் ஈரமும் சேர்ந்த பகுதியில், திறக்கக்கூடிய ஜன்னல் கதவுகளின் பரப்பு தரைப் பரப்பில் 16.66 சதவீதம், அதாவது ஆறில் ஒரு பங்காவது இருக்க வேண்டும் என்கிறது. குளிர் பகுதிக்கு இதில் பாதியே போதும், 8.33 சதவீதம். 600 சதுர அடி வீட்டுக்கு 100 சதுர அடி திறப்பு வேண்டும் என்றால், இங்கே வீடு மூச்சு விட்டே ஆக வேண்டும் என்றுதான் அர்த்தம்.

அதனால் நம் வேலையின் அளவு இதுதான்: திறக்கிற நேரத்தில் அகலத் திறக்கிற, மூடுகிற நேரத்தில் இறுக மூடுகிற கதவும் ஜன்னலும். அதுவும் வீடு முழுக்க அல்ல, ஏசி போட்ட ஒன்றிரண்டு அறைக்கு. தூசிக்காக என்றால் மேற்குப் பக்கச் சுவருக்கு.

இந்த இடத்தில் ஸ்லைடிங் ஜன்னலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். 4 அடிக்கு 4 அடி ஸ்லைடிங் ஜன்னல் 16 சதுர அடி. ஆனால் ஒரு கதவு இன்னொன்றின் பின்னால் ஒதுங்குவதால் திறப்பது 8 சதுர அடிதான். மூடினாலும் இரண்டு கதவும் உரசிப் போகிற இடத்தில் இருக்கிற பஞ்சு நூல் பட்டை இரண்டு கோடையில் தேய்ந்துவிடும். பக்கவாட்டில் கீலில் திறக்கிற ஜன்னல் முழுசாகத் திறக்கும். மூடும்போது ரப்பரை அழுத்தி மூடும். புது வீடு கட்டுகிறவர் யோசனை கேட்டால் தயங்காமல் கீல் ஜன்னலைச் சொல்லுங்கள். ஸ்லைடிங்கில் பட்டறைக்காரருக்கு வேலை சுலபம், அதனால்தான் எல்லாரும் அதையே தள்ளுகிறார்கள்.

ஊதுபத்தியும் எக்ஸாஸ்ட் ஃபேனும்

அளக்கிற விசிறி மெஷின் விலை அதிகம். தொடங்குகிறவருக்கு அது தேவையில்லை. ஒரு ஊதுபத்திக் கட்டு, டார்ச், டேப், பழைய செய்தித்தாள், சின்ன நோட்டு போதும்.

முதலில் அடுப்பை அணைத்து சிலிண்டர் வால்வை மூடச் சொல்லுங்கள். பிறகு ஜன்னல்கள், வெளிக் கதவுகள் எல்லாவற்றையும் சாத்துங்கள். மின்விசிறிகளை நிறுத்துங்கள். சமையலறை, குளியலறை எக்ஸாஸ்ட் ஃபேன்களைப் போட்டுவிட்டு உள் கதவுகளைத் திறந்து வையுங்கள். வீட்டுக் காற்றை ஃபேன் வெளியே இழுக்கும், அந்த இடத்தை நிரப்ப இடுக்குகள் வழியாக வெளிக்காற்று உள்ளே வரும். ஊதுபத்தியைக் கொளுத்தி, ஜன்னல் சட்டத்தின் ஓரமாகச் சாண் சாணாக நகர்த்துங்கள். புகை நேராக எழுந்தால் அங்கே ஒன்றுமில்லை. சட்டென்று வளைந்து உங்கள் முகத்துக்கு வந்தால் இடுக்கு அங்கே இருக்கிறது. சாக்பீஸால் குறி போடுங்கள்.

போன சித்திரையில் காவிரிப் பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு வீடு. பெரியம்மா ஒருத்தர், "தம்பி, ரெண்டு வருஷம் கூட ஆகல, ஏசிய மாத்தச் சொல்றாங்க, மாத்தணுமா?" என்று கேட்டார். "இருங்கம்மா, பாத்துட்டுச் சொல்றேன்" என்று பத்தியைக் கொளுத்தினேன். கதவுக்கு அடியில் அரை அங்குல இடைவெளி. 3 அடிக் கதவுக்கு அரை அங்குலம் என்றால் கணக்குப் போட்டுப் பாருங்கள், ஏறக்குறைய ஒரு தபால் அட்டை அளவு ஓட்டை. ஜன்னலுக்கு மேலே பழைய கண்ணாடி வெண்டிலேட்டர், நாலு தகட்டில் ஒன்று இல்லை. ஏசி பைப் போகிற துளையில் வெளிப்பக்கம் அப்பிய சிமெண்ட் உதிர்ந்து, வெயில் உள்ளே தெரிந்தது. நிலைக்கும் சுவருக்கும் நடுவில் மேலிருந்து கீழ் வரை ஒரு விரிசல், நகம் நுழைகிற அளவு. கடைசியாக, நான் எதிர்பார்க்காத இடம்: கட்டிலுக்குப் பக்கத்து ஸ்விட்ச் பாக்ஸ். மொட்டை மாடியிலிருந்து வருகிற ஒயர் குழாயின் மேல் முனை திறந்தே கிடந்தது, அதன் வழியாகச் சூடான காற்று இறங்கிக் கொண்டிருந்தது. பெரியம்மா கையை வைத்துப் பார்த்துவிட்டு, "அடுப்பு ஊதுற மாதிரி வருதே" என்றார். ஏசியை மாற்றவில்லை. இரண்டு நாள் வேலை.

இந்தச் சோதனையில் குளியலறையிலிருந்து சாக்கடை நாற்றம் வந்தால், தரை டிராப்பில் தண்ணீர் காய்ந்திருக்கிறது என்று பொருள். அதில் தேங்கி நிற்கிற தண்ணீர்தான் அடைப்பு. ஒரு சொம்பு ஊற்றினால் நாற்றம் நின்றுவிடும். இதற்குக் காசு கேட்காதீர்கள், அந்த வீட்டில் உங்கள் பெயர் நிற்கும்.

கதவு ரப்பருக்குச் செய்தித்தாள் சோதனை. தாளைக் கீற்றாகக் கிழித்துக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுங்கள். வழுக்கிக்கொண்டு வந்தால் அங்கே ரப்பர் அழுந்தவில்லை.

பொருள் தெரியாமல் கை வைக்காதீர்கள்

கடையில் சிலிகான் என்று கேட்டால் கையில் கிடைத்த குழாயைக் கொடுப்பார்கள். வினிகர் வாசம் அடிக்கிற வகை கண்ணாடிக்குச் சரி, சிமெண்டில் ஒட்டாது, உலோகத்தை அரிக்கும். சுவருக்கும் அலுமினியத்துக்கும் 'நியூட்ரல்' என்று எழுதிய வகைதான். எந்தச் சிலிகான் மேலேயும் பெயிண்ட் நிற்காது. பெயிண்ட் அடிக்கப் போகிற விரிசலுக்கு அக்ரிலிக் சீலண்ட் வாங்குங்கள். கால் அங்குலத்துக்கு மேல் அகலமான இடுக்கில் முதலில் நுரைக் கயிறு திணித்து, அதன் மேல் சீலண்ட் போடுங்கள். கயிறு இல்லாமல் ஆழம் முழுக்க ரொப்பினால் பொருளும் வீண், சுவரும் சட்டமும் விலகும்போது நடுவில் கிழிந்துவிடும். அகலத்தில் பாதி ஆழம் போதும்.

டப்பாவில் வருகிற பியூ ஃபோம் பொங்கி நிரம்புவதைப் பார்க்க ஆசையாக இருக்கும். வெயில் பட்டால் மஞ்சளாகிப் பொடிந்துவிடும், தீயும் பிடிக்கும். அடுப்பங்கரைப் பக்கம் வேண்டாம். வெளிச்சுவரில் போட்டால் சீவிவிட்டு மேலே பூசி மூடுங்கள். முசிறியில் வீட்டுக்குப் பின்னாலேயே வயல் இருக்கிறது, எலி அதை ஒரே ராத்திரியில் குடைந்துவிடும். ஏசி துளைக்குள் முதலில் கம்பி வலையைச் சுருட்டித் திணித்துவிட்டுத்தான் நான் ஃபோம் போடுவேன்.

மரக் கதவுதான் நிஜமான பரீட்சை. சித்திரையில் மரம் சுருங்கும், ஐப்பசியில் ஊதும். கோடையில் தடிமனான ரப்பரைப் பார்த்துப் பார்த்து ஒட்டிவிட்டு வருவீர்கள். தீபாவளி மழையில் கதவு தாழ்ப்பாள் விழாமல் நிற்கும், வீட்டுக்காரர் கத்தியால் ரப்பரை உரித்து எறிந்துவிடுவார். எளிதாக அழுந்துகிற, உள்ளே வெற்றுக்குழல் இருக்கிற ரப்பர் வாங்குங்கள். கதவுக்கு அடியில் பிரஷ் பட்டையோ, கதவு மூடும்போது தானாக இறங்குகிற பட்டையோ போடுங்கள்.

ஸ்லைடிங் ஜன்னலின் கீழ்ச் சட்டத்தில் வெளிப்பக்கம் சின்னச் சின்னத் துவாரங்கள் இருக்கும். மழைத் தண்ணீர் வடிவதற்காக விட்டவை. புதிதாக வேலைக்கு வருகிற பையன்கள் முதலில் அடைப்பது அவற்றைத்தான். அடைத்தால் ஐப்பசி மழை முழுக்கச் சட்டத்தில் தேங்கிக் கட்டிலுக்கு வரும்.

தொடவே கூடாத இடங்கள்

இந்தப் பகுதியை இரண்டு முறை படியுங்கள்.

சமையலறையில் தரையை ஒட்டி இருக்கிற துளையை அடைக்கவே கூடாது. எல்பிஜி காற்றை விடக் கனமானது, கசிந்தால் தரையில்தான் பரவும், அது வெளியேற வழி வேண்டும். கேஸ் கீசர் இருக்கிற குளியலறையின் எந்த இடுக்கையும் அடைக்காதீர்கள். மூடிய அறையில் அது எரியும்போது கார்பன் மோனாக்சைடு சேரும். நிறமும் கிடையாது, வாசமும் கிடையாது. குளிக்கப் போனவர்கள் திரும்பி வராத வீடுகள் நம் நாட்டில் எத்தனையோ. கீசரை வெளியே மாற்றச் சொல்லுங்கள், மாற்றினால்தான் அந்தப் பக்கம் வேலை செய்வேன் என்று சொல்லிவிடுங்கள். இன்வெர்ட்டர் பேட்டரி வைத்த அலமாரியும் அப்படித்தான். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வெளிவரும், அது தீப்பற்றும். அடைத்த படுக்கையறையில் கொசுவர்த்திச் சுருள் கொளுத்த வேண்டாம் என்றும் சொல்லிவிட்டு வாருங்கள்.

என் தொடக்க காலத்தில் துறையூர் ரோட்டில் ஒரு வீட்டுக்கு அறை முழுக்க அடைத்துக் கொடுத்தேன். வெண்டிலேட்டரையும் விடவில்லை. நல்ல குளிர்ச்சி, பாராட்டினார்கள். கார்த்திகையில் கூப்பிட்டார்கள். பீரோவை நகர்த்திக் காட்டினார்கள், பின்சுவர் பூராவும் கறுப்பாகப் பூசணம், கல்யாணப் பட்டுப்புடவையின் மடிப்பில் புள்ளி புள்ளியாக. நான்கு பேர் படுக்கிற அறை. மூச்சு ஈரமும் துணி ஈரமும் போக வழியே இல்லாமல் செய்திருந்தேன். என் செலவில் வெண்டிலேட்டரைத் திறந்து, மூடித் திறக்கிற தகட்டோடு சின்ன எக்ஸாஸ்ட் ஃபேன் வைத்தேன். அந்தப் புடவைக்கு என்னால் ஈடு கொடுக்க முடியவில்லை. அன்று முதல் ஓர் அறையை அடைத்தால், அந்த அறைக்குக் காற்று வந்து போக நாமே ஒரு வழி வைத்துவிட்டுத்தான் வெளியே வருகிறேன். காற்று வரும் வழி நாம் வைத்ததாக, நாம் மூடக்கூடியதாக இருக்க வேண்டும்.

விலையும் வாக்கும்

'கரண்ட் பில் பாதியாகும்' என்று சொல்லி வேலை பிடிக்காதீர்கள். கணக்கைத் தெரிந்து வைத்துக்கொண்டு பேசுங்கள். 10 அடிக்கு 12 அடி அறை, 10 அடி உயரம்: 34 கனமீட்டர் காற்று. வெளியே 30 டிகிரி, ஈரப்பதம் 70 சதவீதம் என்றால் ஒரு கனமீட்டரில் 21 கிராம் தண்ணீர் ஆவியாக இருக்கும். உள்ளே 24 டிகிரியில் 55 சதவீதம் என்றால் 12 கிராம். இடுக்கு வழியாக மணிக்கு ஒரு தடவை காற்று மாறினால், 8 மணி நேர ராத்திரியில் ஏறத்தாழ இரண்டரை லிட்டர் தண்ணீரை ஏசி கூடுதலாகப் பிழிந்து வெளியே தள்ள வேண்டும். அதற்கு மட்டும் அரை யூனிட் போல ஆகும். ஓட்டை பெரிதானால் இதன் இரண்டு மூன்று மடங்கு. பணமாகப் பார்த்தால் சின்னத் தொகைதான். வாடிக்கையாளருக்கு உடனே தெரிகிற லாபம் வேறு: பிசுபிசுப்பு போகும், தூசி குறையும், 18-ல் ஓட்டிக்கொண்டிருந்தவர் 24-ல் வைத்துத் தூங்குவார். 2020 ஜனவரி முதல் புது ஏசிகள் 24 டிகிரியில்தான் தொடங்க வேண்டும் என்ற விதி இருக்கிறது. அந்த 24-ல் அறை தாங்குகிறதா என்பதையே உங்கள் வேலையின் சோதனையாக வைத்துக்கொள்ளுங்கள்.

விலையை ரன்னிங் அடிக் கணக்கில் சொல்லுங்கள். பொருள் தனி, கூலி தனி, எழுத்தில். குறி போட்ட இடங்களை வேலைக்கு முன்னும் பின்னும் போனில் படம் எடுத்து வையுங்கள். வேலை முடிந்ததும் வீட்டுக்காரர் கையிலேயே ஊதுபத்தியைக் கொடுத்துச் சோதிக்கச் சொல்லுங்கள். பாக்கி வாங்க இதை விட நல்ல நேரம் கிடையாது. உங்களுக்கு வேலை கொண்டு வரப் போகிறவர் ஏசி மெக்கானிக். முசிறிக் கைகாட்டியிலும் பேருந்து நிலையத்தைச் சுற்றியும் இருக்கிற மெக்கானிக்குகளிடம் போய், குளிரவில்லை என்று திரும்பத் திரும்பக் கூப்பிடுகிற வீட்டை எனக்குச் சொல்லுங்கள் அண்ணே என்று கேளுங்கள். அந்த அழைப்பு அவருக்குத் தலைவலி, நீங்கள் போய்த் தீர்த்தால் அவருக்கும் நிம்மதி. கருவி வாங்கக் கடன் வேண்டுமென்றால் மாவட்டத் தொழில் மையத்தில் கைவினைஞர் திட்டங்களையும் புதிய தொழில்முனைவோர் திட்டங்களையும் கேளுங்கள். கந்து வட்டிக்கு வாங்கித் தொடங்க வேண்டிய தொழில் இது இல்லை.

ஸ்ரீரங்கத்தில் வேலை கேட்டு வந்தால் வேறு கண்ணோடு போங்கள். சித்திரை வீதி, உத்திர வீதிப் பழைய வீடுகளுக்குப் பக்கச் சுவரில் ஜன்னலே இருக்காது. வாசலும் கொல்லையும் முற்றமும்தான் காற்று வழி. முற்றத்தின் மேல் பிளாஸ்டிக் தகடு போட்டு மூடிவிட்டு, கூடம் கொதிக்கிறது என்று கூப்பிடுவார்கள். அங்கே அடைக்கிற வேலை இல்லை, திறக்கிற வேலை. தகட்டை ஓர் அடி உயர்த்தி நாலு பக்கமும் வலை போடச் சொல்லுங்கள்.

வாழைத்தாரிலிருந்து சர்வர் ரூம் வரை

வீட்டு வேலை மாசியில் சூடு பிடித்து ஆடி வரை ஓடும். மிச்ச மாதத்துக்கு இதே கை வேறு இடத்தில் பிழைக்கும்.

முசிறியும் தொட்டியமும் வாழைப் பூமி. தார்களைக் குழியிலோ அறையிலோ அடுக்கி, புகை மூட்டம் போட்டு, வாயை மண்ணால் மெழுகி மூடிப் பழுக்க வைத்தவர்கள் நம் பெரியவர்கள். நெல்லுக் குதிரின் வாயையும் அப்படித்தான் மெழுகினார்கள். காற்றுப் புகாமல் அடைக்கிற வித்தை இங்கே புதிது இல்லை. கார்பைடு கல் வைத்துப் பழுக்க வைக்க இன்று தடை. அதற்குப் பதிலாக எத்திலீன் அறைகள் வந்திருக்கின்றன. 16 முதல் 18 டிகிரி, 90 சதவீத ஈரப்பதம், 10 லட்சத்தில் 100 பங்கு எத்திலீன், ஒரு நாள் மூடி வைக்க வேண்டும். கதவு ரப்பர் விட்டுப் போனால் வாயு ஒழுகும், தார் ஒரு பக்கம் மஞ்சளும் ஒரு பக்கம் பச்சையுமாக வரும். பிறகு கதவைத் திறந்து சேர்ந்திருக்கும் கரியமில வாயுவை வெளியேற்ற வேண்டும், அது 1 சதவீதத்தைத் தாண்டினால் பழுப்பது தடைப்படும். அடைப்பதும் திறப்பதும் சேர்ந்த வேலை இங்கேயும். இந்த அறைகளின் கதவு, பைப் துளை, பேனல் இணைப்பு எல்லாம் வருடா வருடம் பார்க்க வேண்டியவை. திருச்சி தாயனூரில் இருக்கிற தேசிய வாழை ஆராய்ச்சி மையத்தில் பயிற்சி நாட்களை விசாரித்து, ஒரு தடவை போய் உட்காருங்கள்.

மருத்துவமனை அறுவை அரங்கில் அழுத்தம் வெளியை விட 2.5 பாஸ்கலாவது கூடுதலாக இருக்க வேண்டும் என்பது மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று தருகிற என்ஏபிஎச் அமைப்பின் விதி. ஸ்விட்ச் பாக்ஸ் ஓட்டை மாதிரி இடுக்குகள் பல சேர்ந்தால் அழுத்தம் நிற்பது கஷ்டம். வங்கி, தரவு மையங்களின் சர்வர் ரூம்களில் தீயணைக்கும் வாயு விட்டால் அது பத்து நிமிடமாவது அறையில் நிற்க வேண்டும். அதைச் சோதிக்க 'டோர் ஃபேன் டெஸ்ட்' செய்கிறார்கள். டார்ம்ஸ்டாட் முறைக்காரர்கள் வீட்டு வாசலில் பொருத்துகிற அதே மாதிரி விசிறி. சென்னையில் இதற்குத் தனி நிறுவனங்களும் டெக்னீஷியன்களும் உண்டு. இரண்டு வருடம் வீட்டில் ஊதுபத்தி பிடித்தவருக்கு அந்த வேலை பிடிபட நாளாகாது. தொழில் பிடிக்கிறது என்றால் ஆறு மாதம் அங்கே உதவியாளராக இருந்து வாருங்கள்.

ஒரு நோட்டு போடுங்கள். வீட்டுக்கு ஒரு பக்கம்: எந்த அறை, எங்கெங்கே குறி போட்டீர்கள், எந்த ரப்பர், எந்த மாதம். சித்திரையில் வேலை செய்த வீடுகளை ஐப்பசி முதல் வாரத்தில், அவர்கள் கூப்பிடாமலே, ஒரு சுற்று போய்ப் பாருங்கள். கதவைத் திறந்து மூடுங்கள், தாழ்ப்பாள் விழுகிறதா பாருங்கள், பீரோவை ஒரு சாண் நகர்த்திப் பின்சுவரில் கை வைத்துப் பாருங்கள்.